சப்பீராளும் கிரயப் பத்திரமும்: குடும்பப் பெண் கர்த்தருக்குக் கீழ்ப்படிவது எப்படி?

மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் பெண் கேட்டிருக்கிறாள். வயது 32, இரண்டு பிள்ளைகள். அவள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "காலையில் 4.30-க்கு எழுந்து ஜெபிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், முடியவில்லை, மனது குத்துகிறது. ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்குகிறோம். விலை 14 லட்சம். என் பெயரில் பதிகிறார்கள். பத்திரத்தில் 9 லட்சத்து 80 ஆயிரம் என்று காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனதில்லை என்றேன். 'மனைவிகளே, உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று இருக்கிறதே, நீ வேதம் வாசிக்கிறவள்தானே' என்கிறார். அத்தையும் அதையே சொல்கிறார்கள். கர்த்தருக்குக் கீழ்ப்படிவது என்றால் அன்றாடத்தில் என்னதான்?"

உனக்கு என் மகள் வயது, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்திலும், அதற்கு மேலாகச் சபையில் பெண்களுக்கு வேதபாடம் எடுப்பதிலும் இருந்தவள் நான். இரண்டு கேள்வியையும் ஒன்றாக நீ கேட்டதே நல்லது. 4.30 மணி ஜெபமும் 9 லட்சத்து 80 ஆயிரமும் வேறு வேறு விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். வேதத்தில் கிட்டத்தட்ட இதே கதை இருக்கிறது. அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரம். அனனியாவும் சப்பீராளும் ஒரு காணியை விற்கிறார்கள். "தன் மனைவி அறிய" அவன் கிரயத்திலே ஒரு பங்கை வஞ்சித்து வைத்தான் என்று இருக்கிறது. மீதியை, முழுக் கிரயமும் இதுதான் என்பதுபோல், அப்போஸ்தலரிடம் கொண்டுவந்து வைத்தான். கிரயம் என்ற சொல்லைப் பார். உன் கையில் தரப்போகிற காகிதத்தின் தலைப்பிலும் அதே சொல்தான் இருக்கும். பணத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. விற்ற பின்பும் அது உன் வசத்தில்தானே இருந்தது என்று அப்போஸ்தலரில் ஒருவரான பேதுருவே சொல்கிறார். தப்பு, தொகையைப் பற்றிச் சொன்ன பொய்.

அதைக் கேட்டதும் கணவன் விழுந்து செத்துப்போனான். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து, நடந்தது தெரியாமல் மனைவி உள்ளே வருகிறாள். பேதுரு அவளிடம் தனியாகக் கேட்கிறார்: "நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள், எனக்குச் சொல்." அவள் சொல்கிறாள்: "ஆம், இவ்வளவுக்குத்தான்."

நான் வேதபாடத்தில் இந்த இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்திவிடுவேன். அந்தக் காலத்து யூதக் குடும்பத்தில் மனைவி கணவன் சொன்னபடி சொல்லிவிட்டாள் என்றால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். "அவர் சொன்னார், நான் சொன்னேன்" என்பது அவளுக்கு நல்ல சாக்கு. ஆனால் பேதுரு அவளுக்கு ஒரு தனிக் கேள்வியை வைக்கிறார், தனியாகப் பதில் சொல்ல வாய்ப்பும் தருகிறார். "நீங்கள் ஒருமனப்பட்டதென்ன?" என்று அவளைத்தான் கேட்கிறார். கணவனோடு ஒருமனமாக இருப்பது நல்ல குணம் என்று திருமணப் பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். இங்கே அந்த ஒருமனமே குற்றமாக நிற்கிறது.

ஆகவே உன் வீட்டுக்காரர் காட்டும் எபேசியர் 5:22 உன் கையெழுத்தைக் கேட்க அவருக்கு உரிமை தரவில்லை. மனை உன் பெயரில் வருகிறது, போட்டோவும் உன்னுடையது, கைரேகையும் உன்னுடையது.

அந்த வசனத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதை வைத்துத்தான் பெண்கள் வாயை அடைக்கிறார்கள். அதற்கு முந்தின வசனம் 21: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." ஒருவருக்கொருவர். மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்தில் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினையே தனியாக இல்லை. 21-இல் இருக்கிற வினைதான் அங்கேயும் தொடர்ந்து ஓடுகிறது. அதாவது மனைவிகளுக்கு என்று ஒரு புதுச் சட்டம் அங்கே தொடங்கவில்லை. இன்னொன்று: அடுத்த அதிகாரத்தில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் பவுல் சொல்லும்போது வேறு வினை வருகிறது, ஹுப்பக்கூவோ, சொன்னதைக் கேட்டுச் செய் என்ற பொருள். மனைவிகளுக்கு வருவது ஹுப்பொதாஸ்ஸோ. தன்னை இன்னொருவருக்குப் பின்னால் நிறுத்திக்கொள்வது. நம் தமிழ் வேதத்தில் இரண்டுக்கும் 'கீழ்ப்படி' என்றே போட்டுவிட்டதால், மனைவியும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பதுபோல் நம் காதில் விழுகிறது.

உன் அத்தை கொஞ்சம் வேதம் தெரிந்தவர் என்றால் இங்கே ஒரு கேள்வி கேட்பார். பேதுரு எழுதினாரே, சாராள் ஆபிரகாமை ஆண்டவன் என்று சொல்லிக் கீழ்ப்படிந்தாளே? ஆமாம், இருக்கிறது, 1 பேதுரு 3:6. அங்கே வருவதும் அந்த ஹுப்பக்கூவோதான். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே வசனம் எப்படி முடிகிறது? நன்மை செய்து ஒரு ஆபத்துக்கும் பயப்படாதிருந்தால் அவளுக்குப் பிள்ளைகளாயிருப்பீர்கள் என்று. கேரார் என்ற ஊரில் 'இவள் என் சகோதரி' என்று ஆபிரகாம் சொன்னபோது சாராளும் ஒத்துக்கொண்டு, 'அவன் என் சகோதரன்' என்று பொய் சொன்னாள். அதனால் அந்த ஊர் ராஜா அபிமெலேக்கின் வீடு முழுவதும் தவித்ததுதான் மிச்சம். அந்தப் பொய்யை யாரும் அவளுக்குப் புண்ணியக் கணக்கில் எழுதவில்லை. அப்புறம் அடுத்த அதிகாரத்திலேயே, ஆதியாகமம் 21:12-இல், தேவன் ஆபிரகாமிடம் சொல்கிறார்: "சாராள் உனக்குச் சொல்வதெல்லாவற்றையும் கேள்." இந்த வசனத்தை ஒரு கல்யாணப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

அந்தக் 'கேள்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கலாம். "இவன் சொல் கேட்கவே மாட்டான்" என்று பிள்ளையைத் திட்டுகிறோமே, அதற்கு என்ன பொருள்? அவன் காது மந்தம் என்றா? கேட்டான், செய்யவில்லை என்றுதான். கேட்பதும் கீழ்ப்படிவதும் நம் பேச்சில் ஒரே சொல். எபிரெயத்திலும் அப்படித்தான். "இஸ்ரவேலே, கேள்" என்பதில் வரும் ஷமா என்ற வினைதான், தீர்க்கதரிசி சாமுவேல் ராஜாவான சவுலிடம் "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்று சொல்லும் இடத்திலும் இருக்கிறது. 'பலி கொடுப்பதைவிடக் கேட்பது மேல்' என்று அதைப் பச்சைத் தமிழில் சொல்லிவிடலாம். அந்த இடத்தில் சவுல் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யோசி. கர்த்தர் சொன்னதைச் செய்யாமல், கர்த்தருக்கென்று ஆடு மாடு பலியிட ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தான். பக்தியான ஆள்தான்.

இப்போது உன் 4.30 மணிக்கு வருகிறேன். வேலைக்குப் போகிறவள், இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுகிறவள், இரவு 11-க்குப் பாத்திரம் கவிழ்த்துப் படுக்கிறவள் 4.30-க்கு எழ முடியவில்லை என்றால் அது கீழ்ப்படியாமை இல்லை, தூக்கம். 4.30 என்று கர்த்தர் சொல்லவில்லை, ஏதாவது ஒரு கன்வென்ஷனில் யாரோ சொல்லியிருப்பார்கள். ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜெபம் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. பேருந்தில் ஜெபி, இட்லி வேகும் 10 நிமிஷத்தில் ஒரு பத்தி வாசி. ஆனால் வாசித்ததில் ஒன்றையாவது அன்று பொழுது சாய்வதற்குள் செய்துவிடு. அதிலேதான் எனக்கு அடி விழுந்தது.

சொல்கிறேன். 20 வருஷத்துக்கு முன்னால் இருக்கும். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு அம்மா வருவார்கள். ஒரு நாள் காலை 6 மணிக்கு நான் வேதத்தை விரித்து உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் அடுக்களை வாசலில் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "டீச்சர், இந்த மாசச் சம்பளம் இன்னிக்குக் கிடைக்குமா, பிள்ளைக்குப் பரீட்சை பீஸ் கட்டணும்." அன்று தேதி 4. நான், "ஜெபத்துல இருக்கேன்ல, அப்புறம் பார்ப்போம்" என்றேன். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அங்கிருந்து நேரே மூன்று நாள் பெண்கள் கூடுகைக்கு. திரும்பி வந்தபோது அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை, வழக்கம்போலப் பாத்திரம் தேய்த்தார்கள். பிறகுதான் கவனித்தேன், கூடவே வரும் அவர்கள் மகளின் காலில் கொலுசு இல்லை. அடகுக்கடைக்குப் போயிருந்தது.

அந்தக் கூடுகையில் நான் எடுத்த பாடம் உபாகமம். 24:15-இல் இருக்கிறது: வேலை செய்த நாளில்தானே, பொழுது போகுமுன்னே கூலியைக் கொடுத்துவிட வேண்டும், "அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்." மேடையில் இதை நானே வாசித்தேன். வாசித்துவிட்டு மத்தியானம் பிரியாணி சாப்பிட்டேன். கொலுசை மீட்டுக் கொடுத்தோம், அது வேறு. அன்றிலிருந்து 1-ஆம் தேதி காலையில் ஜெபத்துக்கு முன்னால் சம்பளக் கவர் போய்விடும்.

அதனால்தான் சொல்கிறேன், பெண்ணின் கீழ்ப்படிதலில் முக்கால்வாசி யாரும் சாட்சி சொல்ல எழுந்து நின்று பேசமாட்டாத காரியங்களில்தான் இருக்கிறது. பரீட்சைத் தாள் திருத்தும்போது பிடிக்காத பிள்ளைக்கும் வர வேண்டிய மார்க்கைப் போடுவது. வீட்டுக்கு வந்த நாத்தனாரைப் பற்றி, அவள் கிளம்பிப் போன பிறகும் நல்லபடியாகவே பேசுவது. வேலை செய்கிறவர்களுக்குத் தனி டம்ளர் வைக்காமல் இருப்பது. (நம் கிறிஸ்தவ வீடுகளில் இது ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டு அடுக்களையை நான் பார்க்க வேண்டும்.) "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்" என்று யாக்கோபு எழுதியதை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கடைப்பிடித்தாலே பாதி சபைச் சண்டை தீரும்.

பெரிய சோதனை மகன் வளர்ந்த பிறகு வரும். உனக்கு மகன் இருக்கிறானா என்று எழுதவில்லை. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். ஆனாலும் நிச்சயதார்த்தத்தில் சபை ஐயர் ஜெபம் பண்ணி முடித்த கையோடு, உள்ளறையில் பவுன் கணக்குப் பேசுகிற வீடுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்தோத்திரப் பாட்டு முன்னறையில், கணக்கு உள்ளறையில். அங்கே பேசுவது பெரும்பாலும் மாமியார்தான், மாமனார் சும்மா தலையாட்டுவார். "அந்தக் கணக்கு வேண்டாம்" என்று அந்த உள்ளறையில் ஒரு தாய் சொன்னால், அவள் ஒரு வருஷம் உபவாசம் இருந்ததைவிட அதை நான் பெரிதாக நினைப்பேன்.

கீழ்ப்படிதல் என்றால் பணிந்து, குனிந்து, வாய் திறக்காமல் இருப்பது என்று நம் பெண்களுக்கு ஒரு படம் மனதில் பதிந்திருக்கிறது. நம் சரித்திரமே அப்படி இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது தென் திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்களும் இன்னும் பல சாதிப் பெண்களும் மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மூடக்கூடாது என்று இருந்தது. சபைக்குள் வந்த பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டார்கள், பிறகு தோளில் மேல்சேலையும் போட்டார்கள். சந்தையில் அவர்கள் துணியைப் பிடுங்கிக் கிழித்தார்கள், பள்ளிக்கூடங்களையும் சபைக் கோயில்களையும் கொளுத்தினார்கள். 1820-களில் தொடங்கிய அந்தக் கலகம், 1859 ஜூலை 26-இல் மகாராஜாவின் பிரகடனம் வரும்வரை விட்டு விட்டு நடந்தது. அந்தப் பெண்கள் சந்தைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம். போனார்கள், மேல்சேலையோடு போனார்கள். ஊர் வழக்கத்தின் கண்ணில் அது திமிர். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று பேதுரு சொன்னதும், சப்பீராள் கதை வருகிற அதே 5-ஆம் அதிகாரத்தில்தான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகக்கூடாது, உனக்கு இல்லாவிட்டாலும் இதை வாசிக்கிற வேறு யாருக்காவது. அடிக்கிற கணவனிடம் அடி வாங்கிக்கொண்டிருப்பது கீழ்ப்படிதல் இல்லை. பொறுத்துப் போ, சிலுவை சுமக்கிறாய் என்று எந்த ஊழியக்காரர் சொன்னாலும் கேட்காதே. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. கூப்பிடு.

சரி, உன் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்று உன் எழுத்திலிருந்து தெரிகிறது. நாலு காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார், எல்லோரும் செய்வதைச் செய்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

1 சாமுவேல் 25-இல் அபிகாயிலைப் பார். கணவன் நாபால் தாவீதை அவமானப்படுத்திவிட்டான், தாவீதும் அவன் ஆட்கள் 400 பேரும் பட்டயத்தோடு வருகிறார்கள். அவள் 200 அப்பமும், சமைத்த 5 ஆடும், 200 அத்திப்பழ அடையும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு, கணவனுக்குச் சொல்லாமல் போய் வீட்டைக் காப்பாற்றுகிறாள். எல்லோரும் பிரசங்கிப்பது இவ்வளவுதான். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. அவள் திரும்பி வரும்போது அவன் குடித்து விருந்து கொண்டாடிக்கொண்டிருக்கிறான். பொழுது விடியும்வரை அவள் சின்னதோ பெரியதோ ஒன்றும் சொல்லவில்லை. தெளிந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமலே விட்டுவிடவில்லை, நேரம் பார்த்துச் சொன்னாள். (அதற்கப்புறம் நாபால் செத்துப்போனது உன் வீட்டுக்குப் பொருந்தாது, பயப்படாதே.)

ஆகவே தரகரும் அத்தையும் உட்கார்ந்திருக்கும்போது வசனம் எடுத்து வீசாதே. வசனத்துக்கு வசனம் போட்டால் அது பட்டிமன்றமாகப் போகும். தனியாக, சாப்பாடு முடிந்த பிறகு, ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார். 14 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1 லட்சத்து 26 ஆயிரம். அவர் சொல்கிறபடி காட்டினால், 10 லட்சத்துக்குள் பெண் பெயரில் பதிவதற்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை இருப்பதால், 8 சதவீதம், 78 ஆயிரத்து 400. அவர் 9.80 என்று ஏன் சொல்கிறார் என்று இப்போது புரிகிறதா? வித்தியாசம் 47 ஆயிரத்து 600 ரூபாய். இந்தத் தொகையைத் தாளில் எழுதி அவருக்குக் காட்டு. "இந்த 47,600-க்காகத்தான் நான் பொய்யாகக் கையெழுத்துப் போட வேண்டுமா? இதை நான் என் சம்பளத்தில் சேர்த்துத் தருகிறேன், எனக்குச் சில மாதம் டைம் கொடுங்கள்" என்று கேள். நகை இருந்தால் ஒன்றை வை. கீழ்ப்படிதலுக்கு விலை இருந்தால் அதை நாமே கட்டிவிடுவது நல்லது, அவர் தலையில் கட்டினால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

அவர் கணக்குப் பார்க்கிற ஆள் என்றால் இன்னொன்றும் சொல்லலாம். நாளைக்கு அந்த மனையை விற்கும்போது, வாங்கின விலை 9.80 என்றுதான் காகிதம் பேசும். ரொக்கமாகக் கொடுத்த 4 லட்சத்து 20 ஆயிரமும் லாபக் கணக்கில் ஏறி அதற்கும் வரி கேட்கும். ஏதாவது வழக்கு வந்து கிரயம் ரத்தானால் அந்த ரொக்கத்தைத் திருப்பிக் கேட்க உங்கள் கையில் துண்டுச் சீட்டு இருக்காது. இதற்காக நீ உண்மை பேச வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நஷ்டமெல்லாம் இல்லாவிட்டாலும் நீ உண்மைதான் எழுத வேண்டும். ஆனால் அவருக்கு அவர் மொழியில் பேசுவதில் தப்பில்லை.

விற்கிறவர் முழுத் தொகையைக் காட்டச் சம்மதிக்காமல் போகலாம், அது நடக்கிறதுதான். அப்போது இந்த மனை வேண்டாம் என்று சொல்ல உன் வீட்டுக்காரருக்குக் கஷ்டமாக இருக்கும். முகம் தூக்கி வைத்துக்கொள்வார், அத்தை இரண்டு நாள் பேசமாட்டார்கள். அந்த இரண்டு நாளும் நீ வழக்கம்போலக் காபி போட்டுக் கொடு, குத்திக் காட்டாதே, 'நான்தான் விசுவாசி' என்ற முகத்தை வைத்துக்கொள்ளாதே. எனக்கு அந்த முகம் நன்றாகவே வரும், அதனால் தெரியும்.

பதிவு அன்று பத்திர எழுத்தர் உன்னை அவசரப்படுத்துவார். "எல்லாம் சரியா இருக்கும்மா, ஓரத்துல கையெழுத்துப் போடுங்க" என்பார். முதல் பக்கத்திலிருந்து சர்வே எண், அளவு, தொகை மூன்றையும் வாசித்த பிறகு பேனாவைத் திற. தொகை மாறியிருந்தால் அங்கேயே சொல். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. முடிந்த பிறகு எனக்கு எழுது.